சைபர் வந்துருச்சாமே பேராண்டி!

வாடா பேராண்டி. மீட்டர்ல சைபர் வந்துருச்சுன்னு நடுராத்திரியில போன் போட்டு வீட்டையே எழுப்பி விட்டியாமே! யாருக்கோ மேலுக்கு முடியலையோன்னு உங்க அம்மா பதறிப் போயிட்டா. தடையே இல்லாமக் கரண்டு ஓடுற மீகடத்தியைக் கண்டுபிடிச்சவன் வீட்டுல இதெல்லாம் சகஜம்னு நான்தான் சமாதானம் சொன்னேன். சுவீடன் ராஜா கையால நோபல் பரிசு வாங்கறப்ப வேட்டியா, கோட்டான்னு மட்டும் சீக்கிரம் சொல்லிப்புடு, தைக்கக் குடுக்கணும்.

அதுக்கு முந்தி, காலேஜ் லேப்ல அட்டெண்டரா இருந்து கம்பி பத்தவச்சே கிழவனானவன் கேக்கேன். வோல்டேஜ் பாக்குற கம்பி ரெண்டும் படிகத்துல ஒட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சா? குளிர்ல வெள்ளிப் பசை வெடிச்சு ஒண்ணு கழண்டாலும் மீட்டர் சைபர் பக்கமா போய் நிக்கும்ல.

சரி, கழலலைன்னே வையி. உன்னோடது அடுக்குப் பொருளாச்சே. அதுல கரண்டு அடுக்கோட ஓடுறது லேசு, அடுத்த அடுக்குக்கு இறங்குறது பெரும்பாடு. சில பொருள்ல ரெண்டுக்கும் ஆயிரம் மடங்குக்கு மேல வித்தியாசம். மேல்தளத்துல கரண்டை விட்டு அடித்தளத்துல வோல்டேஜ் பாத்தியோ, அங்க கரண்டு எட்டிக்கூடப் பாத்திருக்காது. குளிரக் குளிர இந்தப் பிடிவாதம் கூடுனா, உன் வோல்டேஜ் அழகா இறங்கும். தடை தொலைஞ்சுதுன்னு நீ ஆடுவே. தொலைஞ்சது கரண்டுடா! கம்பியை இடம் மாத்தி ஒட்டி அள. கரண்டைத் திருப்பி விடு, கூட்டிப் பாரு. காந்தப்புலம் போட்டா தடை தொலையுற வெப்பநிலை கீழ இறங்கணும். இறங்காம அங்கேயே நின்னா சந்தேகப்படு.

என்னது, மிதக்குதா? அடுக்கடுக்கா வளத்த கிராஃபைட் தகடு சாதாரணச் சூட்டுலயே நியோடிமியம் காந்தத்து மேல மிதக்கும். அதுக்கு யாரும் மீகடத்தின்னு பட்டம் கட்டலை.

2023 ஜூலையில தென்கொரியாக்காரங்க எல்கே-99னு ஒரு கல்லைக் காட்டினாங்க. அது அடுக்குப் பொருள் இல்லைதான், பாடம் உனக்கும் உண்டு. 127 டிகிரி செல்சியஸ் வரைக்கும் மீகடத்தின்னாங்க. ஒரு ஓரம் தூக்கியும் ஒரு ஓரம் காந்தத்துல ஒட்டியும் நின்னுச்சு. கொம்பழகைப் பாத்து மாடு வாங்குனவன் கணக்கா, தூக்கின ஓரத்தை மட்டும் ஊரே பாத்துச்சு. உள்ள அழுக்கா இருந்தது தாமிர சல்ஃபைடு. குளிர்றப்ப 104 டிகிரி கிட்ட அது தன் கட்டமைப்பை மாத்திக்கும், தடை சடார்னு சரியும். ஸ்டுட்கார்ட் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்துல அழுக்கில்லாத படிகம் வளத்தாங்க, அது கரண்டே போகாத காப்பான். நம்ம டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்துலயும் செஞ்சு பாத்து உதட்டைப் பிதுக்கிட்டாங்க. ஒரு மாசத்துக்குள்ள திருவிழா முடிஞ்சுது.

அதனால காந்தத்துல ரெண்டு தடவை பாரு. புலம் இல்லாமக் குளிர வச்சு, பிறகு புலம் போட்டு ஒண்ணு. புலத்துக்குள்ளயே குளிர வச்சு ஒண்ணு. உள்ள இருந்த புலத்தையே மீகடத்தி வெளிய தள்ளும்னு 1933ல மைஸ்னரும் ஓக்சென்ஃபெல்டும் கண்டாங்க. எம்புட்டுப் பங்கு தள்ளுதுன்னும் கணக்குப் போடு. நூத்துல ஒண்ணுன்னா, எங்கயோ ஒரு இழை மட்டும் மீகடத்தி, மிச்சமெல்லாம் வெறுங்கல்லு.

சீனாவுல சுன் யாட்-சென் பல்கலைக்கழகத்துக்காரங்க பட்ட பாட்டைக் கேளு. லாந்தனம் நிக்கல் ஆக்சைடு, உன்னோடது மாதிரி அடுக்குப் பொருள். வைர முனைக்கு நடுவுல வச்சு, காத்தழுத்தத்தைப் போல லட்சம் மடங்குக்கு மேல நசுக்கி, 80 கெல்வின் கிட்ட மீகடத்தின்னு 2023ல சொன்னாங்க. மொதல்ல தடை சரிஞ்சுதே தவிர சைபரைத் தொடலை. அழுத்தத்தைச் சீராக் குடுத்த பிறகுதான் சைபர் வந்துச்சு. அப்பவும் பங்கு அற்பம்னு ஒரே சண்டை. பிரசியோடிமியம் கலந்து பெரும்பங்கைக் காட்ட 2024 ஆயிப்போச்சு. இத்தனைக்கும் அவங்க சொன்னது நெசம்!

நீ என்னடான்னா ஒரே ராத்திரியில முடிச்சுட்டே. படிகத்துல பாதியை ஒடைச்சு, உனக்கு ஆகாத ஒருத்தன் லேப்புக்கு அனுப்பிவையிடா. கம்பியை அவன் ஒட்டட்டும்.