காலிப் பீடமும் கன்னாரும்

லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தின் நாயகர் நெல்சன். 1843-இல் தூண்மேல் ஏற்றப்பட்ட அவர் முகத்தைத் தரையிலிருந்து யாரும் சரியாகப் பார்க்க முடியாது. தூணின் உயரம் 56 மீட்டர் என்றே நெடுங்காலம் அச்சிட்டு வந்தார்கள். 2006-இல் பழுதுபார்க்கும்போது அளந்தால், நான்கு மீட்டருக்கு மேல் குறைந்தது. காவல் சிங்கங்கள் 1867-இல்தான் வந்தன. அவற்றைச் செய்ய அழைக்கப்பட்ட எட்வின் லேண்ட்சியர் பேர்பெற்ற ஓவியர், சிற்பி அல்லர்.

தெற்கே குதிரைமேல் முதலாம் சார்லஸ். மன்னரின் தலையை வெட்டியவர்கள், சிலையையும் உடைத்துப்போடும்படி ஒரு கன்னாரிடம் விற்றார்கள். அவர் அதை மறைத்துவைத்துவிட்டு, அந்த வெண்கலத்தில் வார்த்தவை என்று சொல்லிச் சின்னச் சின்னச் சாமான்களை விற்றாராம். ராஜபக்தர்கள் நினைவுக்காக வாங்கினார்கள். எதிரிகள் வெற்றிக்காக வாங்கினார்கள். முடியாட்சி திரும்பியதும் சிலை முழுசாக வெளியே வந்தது. சதுக்கத்தின் வரலாற்றில் நஷ்டப்படாத ஒரே ஆள் இந்தக் கன்னார்தான். அவருக்கு அங்கே சிலை இல்லை.

வடமேற்குப் பீடம் நான்காம் வில்லியமுக்கு என்று கட்டியது. பணம் போதாமல் மன்னர் வரவேயில்லை. 1999 வரை பீடம் ஏறத்தாழ 150 ஆண்டுகள் காலி. இப்போது அதில் நவீன கலைப்படைப்புகள் முறைவைத்து நிற்கின்றன.

வேறு இரண்டு பீடங்களில் ஹேவ்லாக், நேப்பியர். இருவரும் இந்தியப் போர்களில் பெயரெடுத்த தளபதிகள். இவர்கள் யாரென்றே தெரியவில்லை, அகற்றலாம் என்றார் 2000-இல் நகர மேயர். இருவரும் இன்னும் அங்கேதான் நிற்கிறார்கள்.