பீரோமேல் கிட்டார்: ஓர் அகத்திணை ஆய்வு

தமிழ்நாட்டு நடுத்தர வீடுகளில் பீரோவின் உச்சி மூன்று பொருட்களுக்கு உரியது: பழைய சூட்கேஸ், கொலு பொம்மைப் பெட்டி, கிட்டார். சூட்கேஸ் கல்யாணத்துக்குக் கல்யாணம் இறங்கும். பொம்மைப் பெட்டி நவராத்திரிக்கு இறங்கும். கிட்டாரும் இறங்குவதுண்டு, ஆனால் வாசிப்பதற்காக இறங்குவதில்லை. சரஸ்வதி பூஜையன்று அதன் உறையைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, புத்தகங்களோடு சாய்த்து வைப்பார்கள். அன்று எந்தக் கருவியையும் தொடக் கூடாது என்பது சம்பிரதாயம். மறுநாள் விஜயதசமி, எதையும் புதிதாகத் தொடங்க உகந்த நாள். அன்றுதான் பொம்மைப் பெட்டியோடு சேர்த்து அதை மறுபடி மேலே ஏற்றுகிறார்கள். ஆசையாக வாங்கிய கருவி இந்நிலையை ஏன் அடைகிறது, எப்போது மீள்கிறது என்பதே இவ்வாய்வின் பொருள்.

'ஊக்கம் போய்விட்டது' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவோர் உண்டு. வள்ளுவர் ஊக்கமுடைமைக்கு 60ஆம் அதிகாரத்தையும், அடுத்தாற்போல மடியின்மைக்கு 61ஆம் அதிகாரத்தையும் ஒதுக்கினார். கிட்டாரில் விரலை நோகடிக்கும் எஃப் கார்டுக்கு எதையும் ஒதுக்கவில்லை. ஆகவே பொருட்பாலில் இதற்கு விடை தேடிப் பயனில்லை. கடையில் கண்டதும் மனம் பறிகொடுப்பது, மடியில் வைத்து அணைப்பது, பிரிவது, பிறகு வேறு யாரோ வாசிக்கும்போது பெருமூச்சு விடுவது, இவையெல்லாம் அகத்துக்கு உரியவை. எனவே கிட்டாரைத் தலைவியாகவும் வாங்கியவரைத் தலைவனாகவும் கொண்டு திணை வகுப்பதே முறை. வாங்கியவர் பெண்ணாகவும் இருக்கலாம். உரையாசிரியர்கள் பொறுத்தருள்க.

குறிஞ்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1980இல் 'மூடுபனி' படத்தில் பிரதாப் போத்தன் கிட்டாரும் கையுமாகப் பாடி நடித்தார். 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை'யில் 'இளைய நிலா'வின் கிட்டார் ஒலித்தது. அதற்குப் பிறகு பிறந்தவர்கள்கூட அந்த ஒலியிலிருந்து தப்பவில்லை. வகுப்பில் சேரும் முதல் நாளே 'இளைய நிலா' எப்போது சொல்லித் தருவீர்கள் என்று கேட்கிறார்கள். மாஸ்டர் புன்னகை செய்து, ஒற்றை ஸ்ட்ரிங்கில் ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று விரலை நடத்தச் சொல்கிறார். களவொழுக்கத்தில் பெரியவர்கள் குறுக்கிடுவது மரபுதானே.

இந்த இன்பம் எவ்வளவு நாள் நீடிக்கும்? ஃபெண்டர் கிட்டார் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஆண்டி மூனி, புதிதாக வாசிக்கத் தொடங்குவோரில் 90 சதவீதம் பேர் முதல் ஆண்டுக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். கிட்டார் விற்றுப் பிழைப்பவர் இதில் மிகைப்படுத்தி அடையும் லாபம் எதுவுமில்லை, ஆதலால் இதைச் சான்றாகக் கொள்ளலாம். இதற்கு மருந்தாக அந்நிறுவனம் 2017இல் இணையவழிப் பாடம் ஒன்றையும் தொடங்கியது. 2020இல் ஊரடங்கு வந்து உலகமே வீட்டில் உட்கார்ந்தபோது கிட்டார் விற்பனை எகிறியது. ஊரடங்கு முடிந்தது. பழைய பொருள் விற்கும் தளங்களில் 'அதிகம் பயன்படுத்தாதது' என்ற அடைமொழியோடு வரும் கிட்டார் விளம்பரங்களைப் படித்தால் மீதிக் கதை விளங்கும். அந்த விளம்பரங்களில் பொய்யே கிடையாது.

பிரிவுக்கு வித்திடுவோரில் முதலிடம் கண்டோருக்கு, அதாவது வீட்டுக்கு வரும் உறவினருக்கு. பழைய நூல்களில் கண்டோர் பாலை வழியில் நடந்துபோகும் காதலரைப் பார்த்து இரங்குவார்கள். நம் வீட்டுக் கண்டோர் சோபாவில் அமர்ந்து, காபியை ஆற்றியபடி, "எங்கே, ஒரு பாட்டு வாசி பார்ப்போம்" என்பார்கள். இங்கே ஓர் இசையியல் சிக்கல் இருக்கிறது. வீணை படிக்கும் பெண் சரளி வரிசை வாசித்தாலும் அது சரளி வரிசை என்று மாமாவுக்குத் தெரியும். கிட்டார் பழகுபவருக்குச் சொல்லித் தருவதோ கார்டுகள். அவை பாட்டுக்குப் பின்னணி. பாட்டு அவற்றில் இல்லை. பாடுவதற்கு ஆள் வேண்டும். பையனுக்குக் கூச்சம், பாட மாட்டான். சி, ஏ மைனர், ஜி என்று மாற்றி மாற்றித் தட்டுகிறான். தட்டி முடித்ததும் மாமா, "நல்லா இருக்கு. பாட்டு எப்பப்பா ஆரம்பிக்கும்?" என்கிறார். மாமாவின் மீது குற்றமில்லை. கேட்டவரையில் அவர் சரியாகத்தான் கேட்டார். ஆனால் அன்றிரவு கிட்டார் உறைக்குள் போகிறது. ஜிப்பையும் இழுத்து மூடுகிறார்கள். இந்த ஜிப் நம் ஆய்வில் முக்கியமான தடயம். பிறகு வருவோம்.

உறவினரிடமிருந்து தப்பியவரைப் பாலை பிடித்துக்கொள்ளும். ஜி, டி, இ மைனர் வரை வழியில் நிழல் உண்டு. அப்புறம் எஃப். சுட்டுவிரலைக் குறுக்கே படுக்கவைத்து முதல் ஃப்ரெட்டில் ஆறு ஸ்ட்ரிங்கையும் அழுத்த வேண்டும். அதே நேரத்தில் மற்ற மூன்று விரல்களும் வேறு வேறு வேலைக்குப் போக வேண்டும். ஆறு ஒலிக்குப் பதிலாக இரண்டு ஒலியும் நான்கு 'டொக்'கும் கிடைக்கும். கள்வரும் கள்ளியும் நிறைந்த அந்த இடத்தில் விழுந்து கிடப்போர் பலர். ஆனால் அதே பிடியை ஐந்தாவது ஃப்ரெட்டில் வைத்துப் பாருங்கள், ஏ கார்ட் ஓரளவு ஒலிக்கும். விரல் அதேதான், வலுவும் அதேதான். என்ன வேறுபாடு எனின், முதல் ஃப்ரெட் 'நட்' என்னும் சிறு துண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நட்டின் பள்ளங்கள் ஆழமாக வெட்டப்படாமல் ஸ்ட்ரிங்குகள் உயர்ந்து நின்றால், அங்கே அழுத்துவது பயில்வானுக்கும் கடினம். மலிவான கிட்டார்களில் அவை பெரும்பாலும் உயர்ந்தே நிற்கின்றன. ஆக, தலைவனின் விரல் குற்றமற்றது. எலும்போ பிளாஸ்டிக்கோ ஆன ஒரு துண்டு செய்த பழியை அவர் தன் மனத்தின்மீது போட்டுக்கொண்டு, 'எனக்கு இசை வராது' என்று எழுந்துபோகிறார்.

எழுந்து எங்கே போகிறார் என்பதற்கு நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கமே போதுமானது. அது பிரிவை ஆறாகப் பிரிக்கிறது. ஓதற் பிரிவு பிளஸ் டூ. பொருள்வயிற் பிரிவு முதல் வேலை. வேந்தனுக்குப் போரில் உதவப் போகும் துணைவயிற் பிரிவில் வேந்தன் இடத்தில் மேனேஜரையும், போர் இடத்தில் மாதக் கடைசி ரிலீஸையும் வைத்துக்கொள்ளலாம். தூதிற் பிரிவு ஆன்சைட். விமானத்தில் கிட்டாரைக் கொண்டுபோகலாமா என்று விசாரித்துவிட்டுக் கொண்டுபோகாமல் இருப்பது இதன் இலக்கணம். காவற் பிரிவுக்கு அடுக்ககச் சங்கச் செயலாளர் பதவி பொருந்தும். ஆறாவதான பரத்தையிற் பிரிவைக் கூச்சத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. அதன் பெயர் யுகுலேலே. நான்கே ஸ்ட்ரிங், அதுவும் நைலான், விரல் வலிக்காது. போதாக்குறைக்கு அதில் எஃப் கார்டை இரண்டே விரலில் பிடித்துவிடலாம். தலைவன் மனம் திரிந்ததற்கு இதற்குமேல் காரணம் வேண்டுமா?

பிரிவுக்குக் கால வரம்பு உண்டு. கல்விக்காகப் பிரிபவன் மூன்று ஆண்டுக்குள்ளும், வேந்தன் வேலையாகப் பிரிபவன் ஓராண்டுக்குள்ளும் திரும்ப வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. பீரோமேல் கிட்டார்களில் பெரும்பாலானவை இவ்விரு வரம்பையும் தாண்டியவை.

இந்த நேரத்தில் மேலே நடப்பதை யாரும் நினைப்பதில்லை. இதுவே நெய்தல். சாதாரணமாகப் போடும் 12 கேஜ் ஸ்டீல் ஸ்ட்ரிங் ஆறையும் சுருதி சேர்த்தால் அவற்றின் மொத்த இழுவிசை 70 கிலோவுக்கு மேல். வளர்ந்த ஆள் ஒருவர் இரவும் பகலும் கழுத்தைப் பிடித்துத் தொங்குவது போன்றது இது. உரிமையாளர் சும்மா இருந்த ஆண்டுகளில் கிட்டார் ஒரு நிமிடமும் சும்மா இருக்கவில்லை. அதற்கு உகந்த ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். சென்னைக் காற்று இந்த அளவைப் பொருட்படுத்துவதில்லை. ஈரம் குடித்த மேற்பலகை உப்புகிறது, ஸ்ட்ரிங் துருப்பிடிக்கிறது, கழுத்து முன்னோக்கி வளைகிறது. சங்கத் தலைவிக்குப் பிரிவில் கைவளை கழலும். இவளுக்குக் கழுத்தே வளைகிறது.

இதன் விளைவு கொடியது. என்றோ ஒரு நாள் தலைவன் திரும்பி வந்து எடுத்துப் பார்க்கிறார். ஸ்ட்ரிங் விட்டுப்போன நாளில் இருந்ததைவிட உயரத்தில் நிற்கிறது. விரல்நுனிக் காய்ப்பும் இதற்குள் உரிந்து போயிருக்கும். அழுத்தினால் கத்தியைப் பிடித்தது மாதிரி இருக்கிறது, வரும் ஒலியோ தகர டப்பா. 'எல்லாம் மறந்துவிட்டது' என்று சொல்லி வைத்துவிடுகிறார். பிரிவு எனப் பலரும் கருதுவது முதல் பிரிவை. என் துணிபு, பிரிவு உறுதியாவது இந்த இரண்டாம் சந்திப்பில்தான். விரலுக்கு நினைவு இருக்கிறது, கருவிதான் கெட்டுப்போயிருக்கிறது. அந்த வேறுபாட்டை அவருக்கு எடுத்துச் சொல்ல அந்த அறையில் ஆள் இல்லை.

'ஆசை இருந்தால் வாசிப்பார்கள், விரல் வலியெல்லாம் சாக்கு' என்று மறுப்போருக்கு மூன்று சான்றுகள் தரலாம். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜிப்சி கலைஞரின் வண்டி வீட்டில் 1928இல் தீப்பிடித்தது. இடக்கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் ஏறக்குறைய பயனற்றுப் போயின. மிஞ்சிய இரண்டு விரல்களால் தனியாக வாசிக்கப் புது வழி கண்டுபிடித்து ஐரோப்பிய ஜாஸின் பெரிய பெயரானார். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் டோனி அயோமி என்ற இளைஞருக்கு 1965இல் தகடு ஆலையில் இரண்டு விரல்நுனிகள் வெட்டுப்பட்டுப் போயின. அன்று அவருக்கு அங்கே கடைசி வேலைநாள். மனமொடிந்து கிடந்தவருக்கு ஆலை மேலாளர் ஜாங்கோவின் இசைத்தட்டைக் கேட்கக் கொடுத்தார். அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார், இலேசான ஸ்ட்ரிங்குகளைத் தேடிப் போட்டார், பின்னாளில் சுருதியையே இறக்கிக்கொண்டார். 'பிளாக் சபாத்'தின் கனத்த ஒலி அந்தக் கையிலிருந்து வந்தது. பாட் மார்ட்டினோ என்ற அமெரிக்கருக்கு 1980இல் மூளையில் அறுவை சிகிச்சை. கண் விழித்தபோது கிட்டார் வாசித்ததே நினைவில் இல்லை. தான் வெளியிட்ட இசைத்தட்டுகளைத் தானே கேட்டுப் பாடம் படித்தார். 1987இல் மேடைக்குத் திரும்பினார்.

விரல் போனவரும் நினைவு போனவரும் திரும்பியிருக்கிறார்கள். பத்து விரலும் பத்திரமாக இருக்கும் நம் தலைவனால் முடியவில்லை. இதைப் படித்து அவர் வெட்கப்பட வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வெட்கம் யாரையும் கிட்டார் வாசிக்கவைத்ததில்லை. அயோமி செய்ததைக் கவனியுங்கள். மன உறுதியை வளர்க்க அவர் மலைக்குப் போகவில்லை. மெல்லிய ஸ்ட்ரிங் தேடினார். நோய் கருவியில் இருந்தது, வைத்தியத்தையும் கருவிக்கே செய்தார்.

மீட்சி எப்போது நிகழ்கிறது எனின், முல்லைத் திணையில் சொல்லியபடி கார்காலத்தில். ஆவணி மழையில் மின்சாரம் போகிறது, வைஃபை சாகிறது, போனில் சார்ஜ் இல்லை. இருட்டில் பீரோமேல் டார்ச் தேடும் கை உறையில் படுகிறது. எடுக்கிறார், தட்டுகிறார். அபஸ்வரம் என்றாலும் வேறு போக்கு இல்லாததால் கீழே வைக்காமல் இருக்கிறார். கரண்ட் வந்ததும் சில பேர் வைத்துவிடுகிறார்கள். சில பேர் மறந்துபோய்ச் சுவரில் சாய்த்துவிடுகிறார்கள். இந்த மறதிக்காரர்களே திரும்பவும் வாசிக்கிறார்கள். மறுநாள் காலை அது எதிரே நிற்கிறது. ஜிப் இல்லை, ஸ்டூல் போட்டு ஏற வேண்டியதில்லை, பொம்மைப் பெட்டியை நகர்த்த வேண்டியதில்லை. ஊக்கம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு பீரோவின் உயரத்தைக் கழித்தால் மிஞ்சுவது.

மருதத்தில் ஊடல் தீர்க்க வாயில்கள் உண்டு. அவர்களில் முதல்வன் யாழைத் தோளில் சுமந்த பாணன். அந்த யாழையே ஒரு சமுதாயம் கைவிட்டு, அது எப்படி இருந்தது என்று ஆராய விபுலாநந்த அடிகள் 1947இல் 'யாழ்நூல்' வெளியிட வேண்டியதாயிற்று. அதோடு ஒப்பிட்டால் உங்கள் குற்றம் சிறியது. இக்காலப் பாணன் கிட்டார் பழுது பார்ப்பவர். அவரிடம் போய் மூன்று காரியம் சொல்லுங்கள்: நட்டைச் சரியான உயரத்துக்கு ராவ வேண்டும், கழுத்தின் உள்கம்பியைத் திருகி நிமிர்த்த வேண்டும், 12க்குப் பதில் 10 கேஜ் ஸ்ட்ரிங் போட வேண்டும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கின் உயரம் 2 மில்லிமீட்டரிலிருந்து இரண்டரைக்குள் நின்றால் போதும். கூலி கேட்டுத் திகைக்காதீர்கள், புதுக் கிட்டாரின் விலையைவிடக் குறைவுதான்.

வீட்டுக்கு வந்ததும் உறையை மட்டும் பீரோமேல் ஏற்றுங்கள், கிட்டாரைக் கீழே நிறுத்துங்கள். எஃப் கார்டுக்கு முதல் ஃப்ரெட்டில் கேப்போ என்னும் கவ்வியை மாட்டிப் பழகலாம், இலக்கணப்பிழை ஆகாது. மாமா வந்தால் பாடத் தெரிந்த யாரையாவது பக்கத்தில் உட்காரவையுங்கள். ஸ்ட்ரிங்கை நீங்களே மாற்றுவதாக இருந்தால், முதல் ஸ்ட்ரிங்கை முறுக்கும்போது முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அறுந்தால் கண்ணுக்குத்தான் வரும்.