சைக்கிள் மிதித்து லேத் வளர்த்த கதை

1982 மே மாதம் அமெரிக்க அரசாங்கத்திடம் உலோகம் வெட்டும் மெஷின்கள் செய்யும் ஹூடாய் என்ற அமெரிக்கக் கம்பெனி ஒரு மனு கொடுத்தது. ஜப்பான்காரன் எங்கள் மெஷின் வியாபாரத்தில் மண்ணைப் போடுகிறான், அவனுக்குப் பணம் சைக்கிள் ரேஸிலிருந்து வருகிறது, ஆகவே அவன் மெஷினை வாங்குகிறவர்களுக்கு நீங்கள் தரும் வரிச் சலுகையை நிறுத்துங்கள்.

சிரிக்காதீர்கள். சைக்கிள் சமாச்சாரம் நிஜம். போரில் தோற்று ஓட்டாண்டியாக நின்ற ஜப்பான் 1948-இல் சட்டம் போட்டே கெய்ரின் என்ற சைக்கிள் பந்தயச் சூதாட்டத்தைத் திறந்துவிட்டது. முதல் பந்தயம் கோகுரா ஊரில். கட்டிய பணத்தில் முக்கால் பங்கு ஜெயித்தவர்களுக்கு. மிச்சத்தில் உள்ளூராட்சிக்குக் கொஞ்சம், சைக்கிள் தொழிலுக்கும் இயந்திரத் தொழிலுக்கும் கொஞ்சம். சம்பளக் கவரைக் காலி செய்துவிட்டு வீடு திரும்பிய புருஷன், "நாட்டின் லேத் பட்டறைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்" என்று பெண்டாட்டியிடம் சொல்லியிருந்தால் அது பொய்யில்லை. அடி விழாமல் இருந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

1956-இல் இயந்திரத் தொழிலுக்கென்றே தனிச் சட்டமும் வந்தது. சல்லிசான வட்டிக்குக் கடன், கூடவே யார் எதைச் செய்ய வேண்டும் என்று அதிகாரிகளின் உபதேசம். முதலாளிகள் கடனைப் பவ்யமாக வாங்கிக்கொண்டார்கள். உபதேசத்தைப் பெரும்பாலும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சரி, மனுக் கொடுத்தவர்களின் நாட்டு யோக்கியதை என்ன? இந்தச் சண்டைக்கே காரணமான எண்கட்டுப்பாட்டு மெஷின், அதாவது இன்றைய சி.என்.சி.யின் பாட்டன், அமெரிக்க விமானப்படை காசில் பிறந்த பிள்ளை. 1952-இல் எம்.ஐ.டி.யில் அதை ஓட்டிக் காட்டினார்கள். மெஷினைவிட அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி அதிக இடத்தை அடைத்துக்கொண்டது. வாங்க ஆள் வரவில்லை. விமானப்படையே நூற்றுக்கும் மேல் வாங்கித் தன் காண்ட்ராக்டர்களின் ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்தியது. 1959-இல் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, அந்த மெஷின் குடைந்த அலுமினிய ஆஷ்டிரே ஆளுக்கொன்று கொடுத்தார்கள். வரிப்பணத்தில் இத்தனை அழகாகச் சாம்பல் தட்டியவர்கள் வரலாற்றில் குறைவு.

ஹூடாயும் சும்மா இல்லை. 1979-இல் அந்தக் கம்பெனி கைமாறியபோது, விலையில் பெரும்பகுதி கடன். அந்தக் கடனும் கம்பெனி தலையிலேயே ஏறியது. வட்டி கட்டியே மூச்சு வாங்கியவர்கள் அடுத்தவனின் சூதாட்டத்தைப் பற்றி மனு எழுதினார்கள்.

அமெரிக்க செனட் அவர்கள் பக்கம் தீர்மானம் போட்டது. தடையில்லா வர்த்தகம் பேசிய அதிபர் ரீகன் 1983-இல் மனுவைத் தள்ளிவிட்டார். 1985-இல் ஹூடாயின் பர்க்மாஸ்டர் ஆலைக்குப் பூட்டு. மறுவருஷம் அதே ரீகன், ஏற்றுமதியை நீங்களே குறைத்துக்கொள்ளுங்கள் என்று ஜப்பானையும் தைவானையும் நெருக்க, இரண்டு நாடும் ஐந்து வருஷத்துக்குத் "தாமாக முன்வந்து" ஒப்புக்கொண்டன. போலீஸ் ஸ்டேஷனில் தாமாக முன்வந்து வாக்குமூலம் கொடுப்பார்களே, அந்த ரகம்.