காலு செஞ்ச வேலைக்குக் கையி ஓடுது

ஏனுங் மாப்ளே, காரு கிளட்ச நீங்களே வாசல்ல போட்டு மாத்தப்போறீங்களாமே? உங்கம்மா போன்ல சொன்னா. கேட்டதும் எனக்கு நெஞ்சு குளுந்துபோச்சு. தண்ணி மோட்டாருக்குப் பீஸ் கட்டை மாத்தறதுக்கே பக்கத்துத் தோட்டத்துக்காரனக் கூப்புடற கை அது. அந்தக் கை கியர்பாக்ஸ எறக்கப்போவுதுன்னா நம்ம சாதிசனத்துக்கே பெருமதான்.

தப்பா நெனச்சுக்காத. மாத்த முடியாத சாமானம் ஒண்ணுமில்ல அது. உன்ற வண்டி மாருதி எண்ணூறு. 1983 டிசம்பர்ல இந்திரா காந்தி மொத ஆளுக்குச் சாவி குடுத்த வண்டி. 2014-ல கம்பெனிக்காரனே தயாரிக்கறத நிறுத்திப்போட்டான், நீதான் இன்னும் நிறுத்தல. மூணு சிலிண்டரு, கிளட்சுக்கு வெறும் கேபிளு, அவ்வளவுதான் அதுல சூச்சுமம். அதனாலதான் உன்னாட்ட ஆளுக்கும் ஸ்பானர் தூக்கற தைரியம் வருது.

ஆனா கிளட்ச் போயிருச்சுன்னு உனக்கு யாரு சொன்னது? எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வண்டி வேகம் ஏறலீன்னா, செரி, பிளேட்டு தேஞ்சு ஸ்லிப் ஆகுது. ரிவர்ஸ் போடறப்பக் கரகரன்னு பல்லு கடிச்சா அது வேற சங்கதி. கிளட்ச் முழுசா விடலைன்னு அர்த்தம், கேபிளப் பாக்கோணும். பெடல மிதிக்கறப்ப மட்டும் கீச்சு கீச்சுன்னா ரிலீஸ் பேரிங். சந்தேகமா இருந்தா சமதளத்துல நிறுத்து, ஹேண்ட்பிரேக்க இறுக்கு, நாலாவது கியரப் போடு, லேசா ஆக்சிலேட்டர் குடுத்துக் கிளட்ச மெதுவா விடு. வண்டி திணறி ஆஃப் ஆனாப் பிளேட்டு புடிக்குது. ஆஃப் ஆகாம எஞ்சின் பாட்டுக்கு ஓடுச்சுன்னா உன்ற காசு கரையப்போவுது. ஒருவாட்டி பாத்தாப் போதும். சும்மா சும்மா செஞ்சு காட்டி, மிச்சமிருக்கற லைனிங்கையும் கருக்கிப்போடாத.

அதுக்கும் முன்னால, கேபிள் முனையில ஒரு நட்டு இருக்குமே, அதத் திருகிப் பாத்தியா? பெடல மிதிச்சா மொதல்ல கொஞ்ச தூரம் சும்மாப் போகோணும், அப்பறந்தான் கனம் தெரியோணும். அதுக்குப் பேரு பிளே. பிளேட்டு தேயத் தேய அந்த பிளே கொறஞ்சுக்கிட்டே வரும். அது சுத்தமா இல்லாமப் போனா நீ காலே வெக்காட்டியும் கிளட்ச் பாதி மிதிச்ச கணக்குத்தான், நல்ல பிளேட்டே ஸ்லிப் அடிக்கும். சல்லிக்காசு செலவில்லாத வைத்தியம். அதனாலதான் உனக்கு அது தெரியல. செலவில்லாத வேலைக்கு எவன் வீடியோ போடறான்?

செரி, நட்டையும் திருகிப் பாத்தாச்சு, பிளேட்டு நெசமாவே போயிருச்சுன்னு வெச்சுக்குவோம். ஜாக்கி ஏத்தி அதுக்கடியில ஹாலோ பிளாக் கல்ல அண்டக் குடுக்கலாம்னு கொல்லையில தேடிக்கிட்டிருக்கியாமே! இந்த எடத்துல மட்டும் மாமன் கேலி பண்ணல, கேட்டுக்கோ. ஹாலோ பிளாக்கு முன்னறிவிப்பே குடுக்காம நொறுங்கும். ஜாக்கியும் வண்டியத் தூக்கறதுக்குத்தான், தாங்கறதுக்கில்ல. இரும்பு ஸ்டாண்டு வாங்கி, சிமெண்டுத் தரையில வெச்சு, பின்சக்கரத்துக்குக் கட்டை குடுத்து, வண்டிய ஒருக்கா ஆட்டிப் பாத்துட்டு அப்பறம் அடியில பூரு. ஸ்டாண்டு வாங்கக் காசில்லைன்னா அடியில பூராத. எனக்கிருக்கறது ஒரே பொறந்தவ, அவளுக்கு இருக்கறது நீ ஒருத்தன்.

கழட்டறதெல்லாம் பெரிய வித்தையில்ல. பேட்டரி நெகட்டிவ் ஒயர மொதல்ல எடுத்துரு, இல்லீன்னா செல்ப் மோட்டாரு போல்ட்டுல ஸ்பானர் வெக்கறப்பத் தீபாவளி பாப்ப. கியர் ஆயில வடிச்சப்பறம் ஆக்சில உருவு. முறை மாத்திச் செஞ்சாப் பாதி ஆயில் உன்ற சட்டைக்கும் மீதி வாசலுக்கும் போவும். உங்கம்மா நேத்துத்தான் சாணி போட்டு வழிச்சிருக்கா. ஸ்பீடோ கேபிளு, கிளட்ச் கேபிளு, கியர் ராடு, ரிவர்ஸ் லைட்டு ஒயரு, செல்ப் மோட்டாரு எல்லாத்தையும் எடுத்துட்டு, எஞ்சின் சாயாம அடியில மரக்கட்டை வெச்சு ஜாக்கி குடுத்தா, போல்ட்டுகள எடுத்ததும் கியர்பாக்ஸ் கையோட வந்துரும். கையோடன்னு சொன்னது வாய்வார்த்தைக்கு. அது உன்ற நெஞ்சுமேல வந்து உக்காராமப் பாத்துக்கற பொறுப்பு உன்னுது.

உள்ள ஒரே கறுப்புத் தூசியா இருக்கும். சைக்கிள் பம்பு வெச்சு ஊதலாம்னு தோணும், ஊதாத. பழைய லைனிங்குல ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருந்தா அது நுரையீரலுக்குள்ள போயிக் குடியேறிக்கும். மூக்கக் கட்டிக்கிட்டு ஈரத்துணியில தொடை. பிளைவீலையும் பாரு. நீலம் பூத்திருந்தாலோ மயிரிழையா வெடிச்சிருந்தாலோ லெய்த்துக்காரன்கிட்டக் காட்டோணும். எஞ்சின் பின்சீல்ல ஆயில் கசிஞ்சிருந்தா இப்பவே மாத்து, அந்த ரப்பர் வளையத்துக்காக இன்னொருவாட்டி இத்தனையும் கழட்ட முடியாது. புது ரிலீஸ் பேரிங்க மண்ணெண்ணையில முக்கிக் கழுவற கெட்ட பழக்கம் நம்மூர்ல உண்டு. கழுவுனா உள்ள இருக்கற கிரீஸ் போயி ஊளையிட ஆரம்பிச்சுரும். பிளேட்டு, பிரஷர் பிளேட்டு, பேரிங்கு மூணையும் ஒட்டுக்கா மாத்து. ஒண்ண மட்டும் மாத்தி மிச்சம் புடிக்கற புத்தி உங்கப்பனோடது, அதப் பத்தி நான் ஒண்ணும் பேசல.

பிளேட்டுக்கு மூஞ்சி எது முதுகு எதுன்னு பாத்து வையி. ஸ்பிரிங்கு துருத்திக்கிட்டிருக்கற பக்கம் கியர்பாக்ஸப் பாக்கோணும். திருப்பி மாட்டுனா எல்லாம் பூட்டி முடிச்ச அப்பறந்தான் தப்பு தெரியும்.

இப்ப, நீ பாத்துட்டு ஸ்பானர் தூக்கக் கெளம்புன அந்த வீடியோவுக்கு வருவோம். நானும் பாத்தேன், உங்கம்மாதான் அனுப்பிச்சா. ஒரு பையன் பளபளன்னு கையுறை மாட்டிக்கிட்டு கியர்பாக்ஸத் தூக்கறான். மளார்னு காட்சி மாறுது. அடுத்து பாத்தா கியர்பாக்ஸ் மாட்டியிருக்குது, பாட்டு ஓடுது. அந்த வெட்டுக்கு நடுவுலதான் மாப்ளே உன்ற ஞாயித்துக்கெழம மொத்தமும் போவப்போவுது. கியர்பாக்ஸ் ஷாப்டு பிளேட்டோட நடுப்பல்லுக்குள்ள நேராப் போயி உக்காரோணும். பிளேட்டு நடுவுல இல்லாம மயிரிழை தள்ளியிருந்தாலும் உள்ள போவாது. நேராத்தான் இருக்குதுன்னு நீ சத்தியம் பண்ணுவ, அப்பவும் போவாது. பேச்சுவார்த்தை இல்லாத ரெண்டு பங்காளிகள ஒரே பந்தியில உக்கார வெக்கற வேலை அது. அதுக்குன்னே நடு புடிக்கற கம்பி ஒண்ணு விக்குது, வாங்கிக்கோ. அதச் சொருகி வெச்சுக்கிட்டு, பிரஷர் பிளேட்டு போல்ட்டுகள எதிரும் புதிருமாக் கொஞ்சங் கொஞ்சமா இறுக்கு. ஷாப்டு பல்லுல கிரீஸ் லேசாத் தடவுனாப் போதும். அப்பினேன்னா அது சுழண்டு தெறிச்சுப் புது லைனிங்குல ஒட்டிக்கும்.

கியர்பாக்ஸ் விரக்கடை அளவு வெளிய நிக்கறப்ப, போல்ட்டப் போட்டு இழுத்தா வந்துருமேன்னு ஒரு குரல் கேக்கும். அந்தக் குரலக் கேட்டவன் ஹவுசிங் காது ஒடைஞ்சு பழைய இரும்புக்கடையில நிப்பான். பாதி சொருகுனத அப்படியே தொங்க உட்டுட்டு டீ குடிக்கவும் போவாத. அத்தனை கனத்தையும் பிளேட்டு தாங்குனா வளைஞ்சுரும், அப்பறம் வண்டி எடுக்கறப்பெல்லாம் நடுங்கும். முடிச்சப்பறம் கியர் ஆயில லெவல் ஓட்டை வாய் வரைக்கும் ஊத்து. வடிச்ச ஞாபகம் எல்லாத்துக்கும் இருக்கும், ஊத்துன ஞாபகந்தான் சில பேருக்கு இருக்காது.

இத்தனையும் செஞ்சு புதுசு போட்டாலும் எனக்கு ஒரு சம்சயம். தாளவாடிக் கல்யாணத்துக்கு உன்ற வண்டியிலதான வந்தேன்? திம்பம் மலையில இருபத்தேழு கொண்டை ஊசியிலயும் உன்ற இடது காலு கிளட்ச உட்டு எறங்கவே இல்ல. முன்னால லாரி நின்னப்ப ஹேண்ட்பிரேக்கு போடாம, பாதிக் கிளட்சுலயே வண்டியப் புடிச்சு நிறுத்துன. ஒரு தீஞ்ச வாசம் அடிச்சதே, அது லாரி பிரேக்குன்னு நீ சொன்ன. சங்ககிரி லாரியில எத்தனையோ வருசம் வளையம் புடிச்ச மூக்கு இது. எந்த வண்டியோட வாசம்னு எனக்குத் தெரியும். உங்கத்த பக்கத்துல இருந்தா, அதனால வாயத் தொறக்கல.

ஞாயித்துக்கெழம நானும் வர்றேன். வேலை செய்யறதுக்கில்ல, வேப்பமரத்தடியில கவுத்துக்கட்டில் போட்டு வெச்சாப் போதும். சங்ககிரிப் பட்டறையில இருக்கற பையன் ஒருத்தன் நாலு மணி வாக்குல அந்தப்பக்கமா வருவான். உனக்கு ஒத்தாசைக்குன்னு நெனச்சுக்காத, சோறு திங்கத்தான் வர்றான். பை நிறையா ஸ்பானர் இருந்தா எதுக்குன்னு கேக்காத. உங்கம்மாகிட்டச் சொல்லிக் கோழிய சனிக்கெழமையே புடிச்சுக் கவுத்து வெக்கச் சொல்லு.