விளக்குக்குப் பரிகாரம்

வடக்குச் சிலாங்கூர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த என் வயதுக்காரர்களுக்குக் காடியின் ஸ்டீரிங் என்பது வெறும் திருப்பு கருவியன்று. அதிகாரத்தின் பிரத்தியட்ச வடிவம். ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரத் துரை 1917-இல் தெனாமாரத்தில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உண்டாக்கி, பிற்பாடு இவ்விடத்து வாழ்க்கையை நாவலாக எழுதி, 1930-இல் பிரான்ஸின் கோன்கூர் பரிசையும் பெற்றுக்கொண்ட காலந்தொட்டு, துரைமார் எத்தனையோ பேர் மாறினார்கள். கித்தா மரம் போய்ச் செம்பனை வந்தது. ஆனால் துரையின் காடி செம்மண் சாலையில் புழுதி கிளப்பிக்கொண்டு வருகையில், லயத்து வாசலில் நின்ற பிள்ளைகள் ஏக்கத்தோடு பார்த்தது மட்டும் மாறவே இல்லை. அவர்கள் பார்த்தது துரையின் முகத்தையன்று, அவர் கையிலிருந்த கறுப்பு வளையத்தை. இன்று அந்த லயத்தின் பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு காடி வைத்திருக்கிறார்கள். மூன்று தலைமுறை காத்திருந்து கைக்கு வந்த வளையத்தைத் தொழிற்சாலைக்காரன் கொடுத்தபடியே வைத்துக்கொள்ள அவர்களுக்கு மனம் வருவதில்லை.

பெஸ்தாரி ஜெயாவில், அதாவது 2007 வரையில் பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர் கொண்டிருந்த ஊரில், வசிக்கும் என் தங்கை மகன் இந்தப் பரம்பரையின் உத்தம பிரதிநிதி. ஒரு கல்யாணக் காரியத்துக்காக என் காடியை இரவல் வாங்கிச் சென்றவன், திருப்பிக் கொடுக்கையில் அதற்கொரு பிரதியுபகாரமும் செய்திருந்தான். ஸ்டீரிங் இருந்த இடத்தில், விட்டம் குறைந்து, பிடி பருத்து, மூன்று ஆரக்கால்களும் நடுவில் ஒரு ஹாரன் பொத்தானும் கொண்ட புதிய வளையமொன்று வீற்றிருந்தது.

“பழைய ஸ்டீரிங் லோரி ஸ்டீரிங் மாதிரி இருந்திச்சு மாமா. இது ரேசிங். பிடிச்சுப் பாருங்க, ஸ்பீடு தெரியும்” என்றான்.

பிடித்துப் பார்த்தேன். காடி நின்றுகொண்டிருந்தது.

சாவியைத் திருப்பியதும் முன்பலகை விளக்குகளெல்லாம் ஒருமுறை எரிந்து, சில விநாடிகளில் தத்தம் கடமை முடிந்ததென்று அணைந்துபோவதுதான் வழக்கம். அன்று ஒன்று மட்டும் அணைய மறுத்தது. உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதன், அவன் மார்புக்கு எதிரே ஓர் உருண்டை. இதுவே அதன் சித்திரம். ஏர்பேக் விளக்கு. புக்கிட் ரோத்தானைக் கடந்தும் எரிந்தது. ஈஜோக்கில் நின்று புறப்பட்டபோதும் எரிந்தது. கம்போங் குவாந்தான் மின்மினிகளாவது எரிந்து அணையும். இதற்கு அந்த நாகரிகமும் இல்லை.

நம்மவர்களுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. ஜாதகத்தில் ஒரு கிரகம் கண்ணைத் திறந்துவிட்டால், அது என்ன சொல்லுகிறது என்று விசாரிப்பதற்கு முன்னே, அதன் வாயை எப்படி மூடுவது என்று விசாரிப்போம். என் விளக்குக்கும் அவ்வாறே தேநீர்க்கடையில் பரிகாரங்கள் குவிந்தன. ஓய்வு பெற்ற மண்டோர் ஒருவர், “விளக்குதானே கிராணியாரே, எரிஞ்சிட்டுப் போகட்டுமே. எண்ணெய் நீங்களா ஊத்துறீங்க?” என்றார். இன்னொருவர் கறுப்பு ஒட்டுநாடாவைத் துண்டு கத்தரித்து ஒட்டிவிடச் சொன்னார். மூன்றாமவர் பல்பையே பிடுங்கிவிடுவது உத்தமம் என்றார். நான்காமவர், தம்முடைய பழைய புரோட்டோன் சாகாவில் இதேபோல் ஸ்டீரிங் மாற்றியதாகவும், இருபது வருஷம் ஓட்டியும் அப்படியொரு விளக்கு எரிந்ததே இல்லையென்றும் பெருமையோடு சொன்னார். 1985 ஜூலையில் சாகா வெளிவந்தபோது அதில் ஏர்பேக்கும் கிடையாது, ஆகவே எரிவதற்கு விளக்கும் கிடையாது என்ற உண்மை அவருடைய பெருமையைச் சற்றும் பாதிக்கவில்லை.

இறுதியில் பட்டறைக்குப் போனேன். என் மனைவியும் உடன் வந்தாள். தவுக்கே புதிய வளையத்தைக் கழற்றினார். உள்ளே, எதனோடும் சேராமல், மஞ்சள் நிற இணைப்பான் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஏர்பேக்கின் கம்பிகளை மற்றக் கம்பிகளோடு யாரும் குழப்பிக்கொள்ளாதிருக்க அவற்றுக்கு மஞ்சள் நிறம் கொடுப்பது காடித் தொழிலில் வழக்கமாம். என் மனைவிக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. “மஞ்சக் கயித்தைக் கழட்டிப் போட்டுட்டு, விளக்குக்குப் பரிகாரமா தேடுறீங்க?” என்றாள்.

தவுக்கேயிடமும் ஒரு பரிகாரம் இருந்தது. இருந்தவற்றுள் மிகவும் நுட்பமானதும் அதுதான். காடியிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி, மெல்லிய மின்னோட்டமொன்றை அனுப்பி, ஏர்பேக்கை வெடிக்கச் செய்யும் திரியின் மின்தடையை இடைவிடாமல் அளந்துகொண்டே இருக்கிறது. அந்த அளவு ஏறத்தாழ இரண்டு மூன்று ஓம். சில காசு பெறும் ரெசிஸ்டர் ஒன்றை அந்த மஞ்சள் இணைப்பானில் சொருகிவிட்டால், பெட்டி ஏர்பேக் இருப்பதாகவே நம்பிவிடும், விளக்கும் அணைந்துவிடும். “லைட் செத்துப் போகும், அண்ணே” என்று தவுக்கே அபயம் அளித்தார். விளக்கு சாகும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் மோதல் நேர்ந்தால், பெட்டி தன் கடமையை மறவாமல் மின்சாரத்தை அனுப்பும். அதை வாங்கிக்கொண்டு அந்த ரெசிஸ்டர் சற்றே சூடாகும். என் பாதுகாப்புக்கு நடக்கும் ஏற்பாடு அத்துடன் பூர்த்தியாகும்.

அப்படியானால் விளக்கை எரியவிட்டுக்கொண்டே ஓட்டினால் என்ன என்று கேட்டேன். பல காடிகளில் அந்த விளக்கு எரியும்போது ஓட்டுநரின் பை மட்டுமன்று, பக்கத்து இருக்கையின் பையும், மோதலின்போது வார்ப்பட்டையை இழுத்துப் பிடிக்கும் கருவியும்கூட வேலை செய்யாமல் போகலாம் என்றார் அவர். அதுவரையில் என் தலையெழுத்தைப் பற்றித் தத்துவார்த்தமாகவே பேசிக்கொண்டிருந்த என் மனைவி, அந்த நிமிஷத்திலிருந்து விஷயத்தை வெகு தீவிரமாக எடுத்துக்கொண்டாள்.

இந்தப் பையின் கதையே ஒரு குடும்பக் கதைதான். அமெரிக்காவில் ஜான் ஹெட்ரிக் என்ற பொறியாளர் 1952-இல் மனைவியோடும் மகளோடும் சென்றபோது காடி சாலையை விட்டு விலகிப் பள்ளத்தில் இறங்கியது. நடுவில் இருந்த குழந்தையின் முகம் மோதாதிருக்கக் கணவனும் மனைவியும் ஒரே சமயத்தில் கையை நீட்டித் தடுத்தார்கள். கைக்குப் பதிலாக ஏதேனும் ஒன்று அந்தக் கணத்தில் அங்கே தோன்றலாகாதா என்ற சிந்தனையிலேயே வீடு சேர்ந்தவர், 1953-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். காடிக் கம்பெனிகள் அதைத் தீவிரமாக எடுத்துக்கொள்வதற்குள் காப்புரிமை காலாவதியாகிவிட்டதால், அவருக்குக் காலணாவும் கிடைக்கவில்லை. இன்றைய பை ஒரு விநாடியின் நூறில் மூன்று பங்குக்குள் வாயுவால் நிரம்பிவிடுகிறது. கண்ணிமைக்கும் நேரம் என்று நாம் சொல்லுகிறோமே, இமைக்கவே அதைப்போல் மூன்று நான்கு மடங்கு நேரமாகும். இத்தகைய விரைவுக்கு வெடிமருந்தையொத்த ஒரு பொருளே காரணம். அதைத்தான் என் தங்கை மகன் பழைய ஸ்டீரிங்கோடு சேர்த்துக் கைலியில் சுற்றி, காடியின் பின்பெட்டியில் உருளவிட்டிருந்தான்.

கோல சிலாங்கூரில் புக்கிட் மலாவாத்தியின் உச்சியில் 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிறது. அதன் வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்கிறதென்று எந்த மாலுமியும் அதன்மேல் ஒட்டுநாடா ஒட்டச் சொன்னதாகக் கேள்வியில்லை. கரை இருக்கிறது, ஆகையால் விளக்கு எரிகிறது என்ற எளிய தர்க்கம் கடலில் செல்லுபடியாகிறது. தரைக்கு வந்தவுடன், விளக்கு அணைந்தால் கரையும் காணாமற்போய்விடும் என்று நம்மவர்கள் தீர்மானித்துவிடுகிறார்கள். என் காடியில் அன்று உண்மை பேசிய ஒரே பிரஜை அந்த விளக்குதான். அதற்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கத்தான் இத்தனை பேரும் பாடுபட்டார்கள்.

ஆகவே பழைய ஸ்டீரிங்கையே திரும்ப மாட்டச் சொன்னேன். தவுக்கே முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மோதலில் பேட்டரி நசுங்கினாலும் பை விரியவேண்டுமென்று பெட்டிக்குள் சிறிது மின்சாரம் சேமித்து வைக்கப்பட்டிருப்பதால், அது வடியும்வரையில் காத்திருப்பது சாஸ்திரம். பிறகு ஸ்டீரிங்கோடு சுழலும் கிளாக் ஸ்பிரிங் என்ற சுருள் நாடாவைச் சரியாக நடுவில் நிறுத்தினார். அது தவறினால், ஒரு பக்கம் முழுதும் திருப்பும்போது நாடா அறுந்துபோகும். மஞ்சள் இணைப்பான் தன் ஜோடியோடு சேர்ந்தது. ஸ்கேனர் கொண்டு பெட்டியின் நினைவிலிருந்த பழைய புகாரை அழித்தார். சாவியைத் திருப்பினேன், விளக்கு எரிந்தது, சில விநாடி என்னைப் பார்த்தது, அணைந்தது.

ரேசிங் வளையத்தைத் தங்கை மகனிடமே சேர்ப்பித்தேன். அவன் அதை வீட்டுக் கூடத்தில் கணினி விளையாட்டு மேசையில் பொருத்திக்கொண்டு, இரவுதோறும் இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் சுவர் சுவராக மோதிக்கொண்டிருக்கிறான். அங்கே எந்த விளக்கும் எரிவதில்லை. மாதாமாதம் மின்சாரக் கட்டணச் சீட்டு வரும்போது என் தங்கைக்கு வயிறு எரிகிறது. அதற்குப் பரிகாரம் சொல்ல அந்தத் தேநீர்க்கடையில் இதுவரை ஒருவரும் முன்வரவில்லை.