பாடத்திட்டத்துக்கு ஒத்துழைக்காத பொதுமக்கள் மீது நடவடிக்கை கோரி

அனுப்புநர்: களப்பணி மேற்பார்வையாளர் ஒருவர், உசிலம்பட்டி வட்டாரம்.
பெறுநர்: முதுகலைச் சமூகப்பணிப் பாடத்திட்டக் குழுவினர்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

ஆண்டுதோறும் எங்கள் அலுவலகத்துக்கு மாணவர்களைக் களப்பணிக்கு அனுப்பிவைக்கிறீர்கள். தங்கமான பிள்ளைகள். புகார் அவர்கள் மீதல்ல, இங்கே குடியிருக்கும் பொதுமக்கள் மீது. நீங்கள் பாடுபட்டு வகுத்த பாடத்திட்டத்தை இவர்கள் கொஞ்சமும் மதிப்பதில்லை.

பீஸ்டெக் பாதிரியார் 1957இல் எழுதிவைத்த ஏழு கோட்பாடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் இரகசியம் காத்தல் ஒன்று. மாணவி ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "நீங்க சொல்றது வெளிய போகாதும்மா" என்று பாடம் பிசகாமல் ஆரம்பித்தாள். அந்த அம்மா எதிர்வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்: "ஏ மதினி, இங்க வா. மருமகன் கோவிச்சுட்டுப் போன கதைய இந்தப் பிள்ள கேக்குது. எனக்குக் கோர்வையா வராது, நீ சொல்லு." மதினி வந்தார், மதினியோடு தெருவே வந்தது. மருமகனின் சித்தப்பாவிடம் யார் பேசுவது, போகும்போது யாரைக் கூட்டிப்போகக் கூடாது என்பதுவரை அங்கேயே முடிவானது. "இரகசியம் காக்க இயலாத சூழல், தலையீடு தோல்வி" என்று மாணவி அறிக்கை எழுதினாள். அடுத்த வாரம் மருமகன் வீடு திரும்பிவிட்டான். அதைக் குறிக்கப் படிவத்தில் கட்டம் இல்லை.

அடுத்தது, குடும்ப வரைபடம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு ஒரு கோடு. எவ்வளவு சுத்தமான ஏற்பாடு! ஆனால் எங்கள் ஆள் மாமன் மகளைக் கட்டியிருக்கிறார். அவர் தங்கையை அந்த மாமன் மகனே கட்டியிருக்கிறார். மாமனார் அம்மாவின் அண்ணன், தங்கை புருஷன் பெண்டாட்டியின் அண்ணன். மாணவன் வரைந்து முடித்த தாள் சிக்கெடுக்காத நூல்கண்டாக இருந்தது. இனிமேலாவது நேர்கோட்டில் சம்பந்தம் செய்யும்படி இவர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்.

அறிவுரை சொல்லாதே, முடிவை உதவி கேட்பவரிடமே விடு என்பதும் உங்கள் பாடம்தான். மாணவன் ஒரு பெரியவரிடம் அப்படியே சொன்னான். பெரியவர் கேட்டார்: "முடிவெடுக்கத் தெரிஞ்சா ஒன்னய எதுக்குப்பா உக்கார வச்சுக் காப்பி குடுக்குறேன்?"

பொருளாதாரப் படிவத்தில் 'சேமிப்பு: இல்லை' என்று மாணவர்கள் வரிசையாக எழுதியிருக்கிறார்கள். அந்த வீடுகளின் பீரோவில் செய்முறை நோட்டு இருக்கிறது. யார் வீட்டுக் காதுகுத்துக்கு எவ்வளவு செய்தோம், திரும்பி எவ்வளவு வரவேண்டும் என்று இரண்டு தலைமுறைக் கணக்கு. பத்திரமில்லை, ஜாமீன் இல்லை, ஆனாலும் பணம் வந்து சேரும். (செய்முறைக்காக வட்டிக்கு வாங்கி மூழ்கிய வீடுகளும் உண்டு. எங்கள் ஊரைக் கோயில் ஆக்க நான் வரவில்லை.)

வரலாற்றுத் தாளுக்கு வருகிறேன். 1601ஆம் ஆண்டு எலிசபெத் ராணியின் ஏழைகள் சட்டம், 1869 லண்டன் அறக்கொடைச் சங்கம், 1884 டாயின்பீ ஹால், 1889 சிகாகோ ஹல் ஹவுஸ்: பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பார்கள். பம்பாயில் 1936இல் அமெரிக்க மிஷனரி கிளிஃபோர்ட் மேன்ஷார்ட் தலைமையில் முதல் சமூகப்பணிப் பள்ளி தொடங்கியதும் தெரியும். பெருங்காமநல்லூர் என்றால் விழிக்கிறார்கள். களப்பணிக்குப் பேருந்தில் வரும் பகுதியிலேயே இருக்கும் ஊர் அது. குற்றப் பரம்பரைச் சட்டத்தை இங்கே கைரேகைச் சட்டம் என்பார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று, ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்களைப் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணும் செத்துப்போனார். எங்களைத் திருத்த அரசாங்கம் கள்ளர் சீரமைப்பு என்று தனி ஏற்பாடே செய்தது. ஆக, எங்களைப் பற்றி முதலில் 'கேஸ் ஃபைல்' திறந்தது சமூகப்பணியாளர் அல்ல, காவல்துறை. இது தெரியாத மாணவி ஒப்புதல் படிவத்தையும் மைப்பெட்டியையும் ஒரு பாட்டியிடம் நீட்டினாள். பாட்டி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். 'ஒத்துழைப்பு இல்லை' என்று குறிப்பு எழுதப்பட்டது. படிவம் நேர்த்தியாக நிரப்பியதற்கு நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது.

இப்போது பாடத்திட்டத்தைக் காலனியநீக்கம் செய்யப்போகிறீர்களாம், மகிழ்ச்சி. சமூகப்பணியின் உலக வரையறையில் 2014இல் மெல்போர்னில் 'பூர்வகுடி அறிவு' என்பதையும் சேர்த்தார்கள். அதனால் உசிலம்பட்டியிலும் அறிவு இருக்கலாம் என்று முறையான அனுமதி கிடைத்திருக்கிறது. ஐந்தாவது அலகாக, பருவத்தின் கடைசி வாரத்தில், நேரமிருந்தால் நடத்துவீர்கள் என்று கேள்விப்பட்டேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அந்த அலகை எழுத மந்தையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டவருக்கு ஒதுக்கப்பட்டது. 1996 முதல் 2006 வரை அங்கே முறையாக ஒரு தலைவர் உட்கார முடியவில்லை. அதுவும் ஊர்க்கட்டுப்பாடு, உள்ளூர் அறிவு, மண்ணின் மரபு. வெள்ளைக்காரன் வந்து சொல்லிக்கொடுக்கவில்லை. வேட்புமனு கொடுக்கவே பயந்தவரின் தெரு மந்தையிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கும். அங்கே திண்ணை இருக்காது, நின்றுகொண்டே கேளுங்கள். எலிசபெத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நாட்டாமையை உட்காரவைப்பதென்றால் எனக்கு எலிசபெத்தே தேவலை. அவர் இந்தப் பக்கம் வரமாட்டார்.

கோரிக்கை ஒன்றுதான். களப்பணி மதிப்பெண்ணை நானும் பேராசிரியரும் போடுகிறோம். அதில் பாதியைத் திண்ணைக்காரரும் அந்தத் தள்ளியிருக்கும் தெருக்காரரும் போடட்டும். மாணவன் உட்கார்ந்து கேட்டானா, சொன்ன தேதியில் திரும்பி வந்தானா, களப்பணி முடிந்ததும் பேச்சையும் முடித்துக்கொண்டானா என்பதெல்லாம் எங்களைவிட அவர்களுக்குத்தான் தெரியும்.

கடைசியாக, உங்கள் காலனியநீக்கக் கருத்தரங்கின் அழைப்பிதழ் கிடைத்தது. முழுக்க ஆங்கிலத்தில் நடக்கிறது. உள்ளூர் அறிவாளர் யாரையாவது அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். மதினியைக் கேட்டேன், வரச் சம்மதம். ஆனால் ஆய்வுச்சுருக்கம் 250 சொற்களுக்கு மிகக்கூடாது என்றிருக்கிறது. 250 சொல் ஆகியும் அவர் இன்னும் மருமகனின் சித்தப்பா வீட்டு வாசலுக்கே போய்ச் சேரவில்லை. என்ன செய்யட்டும் என்று தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் பாடத்திட்டத்துக்குக் கீழ்ப்படிந்த
களப்பணி மேற்பார்வையாளர்