பெட்டியும் விலையும்

கேள்வி: இந்தியாவில் பெண்களுக்கென்று செய்த ‘நிர்பீக்’ ரிவோல்வர் லட்சத்துக்கு மேலாமே! கூடுதலாகக் கொடுக்கிற காசுக்குப் பெறுமதி உண்டா?
– வாசகி, நெல்லியடி

பதில்: கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014இல் அதை வெளியிட்டபோது விலை 1,22,360 இந்திய ரூபாய். மெரூன் நிறப் பெட்டியில் வந்தது. திறந்தால் அட்டியல் இருக்கும் என்றுதான் நினைப்பீர்கள். கூடுதல் காசு குண்டுக்குப் போகவில்லை, உலோகத்துக்குப் போனது. டைட்டானியக் கலவை என்பதால் எடை அரைக் கிலோதான். சுடுவதோ பழைய எஃகு ரிவோல்வர் சுடும் அதே .32 ரவை. பாரம் குறைந்தால் கைப்பைக்குச் சுகம், மணிக்கட்டுக்கு உதை கூட. பழகாத கைக்கு இலக்குத் தப்பும். பழக்கம் அந்தப் பெட்டிக்குள் வராது, தங்கச்சி.

இன்னொன்று: பறிக்க வருகிறவன் கைப்பையைத்தான் முதலில் பறிப்பான். துவக்கும் அவனோடு போய்விடும்!

இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பதே குற்றம். உங்கள் வடமராட்சி போர்க்காலத்தில் பார்த்த துவக்குகள் போதும். என் தீர்ப்பு: மலிவானதும் வேண்டாம், விலை கூடினதும் வேண்டாம். ஆபத்தென்றால் உடனே 119 பொலிஸ். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இரண்டையும் இன்றைக்கே கைபேசியில் பதிந்து வையுங்கள்.